கொசு புழுவாக இருந்தபோது என்ன தின்றது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊரிலும் சாயங்காலம் புகை மெஷினோடு ஆள் வருவார், தெருவே வெள்ளையாகும், பிள்ளைகள் பின்னால் ஓடும், யாராவது போட்டோ எடுத்துப் போடுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஏஜிப்டி பகலில் கடிக்கிற கொசு, அது வீட்டுக்குள் தொங்குகிற துணி மறைவிலும் கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும், தெருப்புகை அதை அவ்வளவாகத் தொடாது. இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். என் ஆதங்கம் வேறு. கொசு எத்தனை இருக்கிறது என்றுதான் கேட்கிறோம், எப்படிப்பட்ட கொசு என்று யாரும் கேட்பதில்லை.

கொசுவின் உடம்பு தண்ணீருக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. நம்ம ஊர் வெக்கையில் முட்டை பொரித்து ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அந்த நாட்களில் தண்ணீரில் விழுந்த இலை அழுகி, அதில் பெருகும் நுண்ணுயிர்களும் பாசியும்தான் புழுவுக்குச் சாப்பாடு. ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஏகப்பட்ட புழு நெருக்கியடித்தால் சாப்பாடு பத்தாது. மெதுவாக வளரும், பாதி செத்துப்போகும், தப்பிப்பது குட்டிக் கொசுவாக வெளிவரும். அப்புறம் எவ்வளவு ரத்தம் குடித்தாலும் அதன் உருவம் பெரிதாகாது.

குட்டிக் கொசு என்றால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கொசு குடித்த ரத்தத்தோடு உள்ளே போன வைரஸ் முதலில் அதன் குடல் சுவரைத் தாண்ட வேண்டும், பிறகு உடம்பெல்லாம் பரவி எச்சில் சுரப்பிக்கு வர வேண்டும். டெங்குவில் இதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். அமெரிக்காவில் மரப்பொந்துத் தண்ணீரில் வளரும் ஒரு ஏடிஸ் இனத்தை வைத்து 1980களில், மூளையைத் தாக்கும் லா கிராஸ் வைரஸ் பற்றி ஆய்வு செய்தார்கள். புழுப் பருவத்தில் பட்டினி கிடந்த கொசுக்கள்தான் அந்த வைரஸை அதிகம் கடத்தின. குடலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு அவற்றில் இன்னும் மெலிந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். வேலி மெலிந்தால் ஆடு நுழையும், அவ்வளவுதான். 2005இல் வெளியான இன்னொரு ஆய்வில், புழுக்கள் நெருக்கடியில் வளர்ந்தபோது டெங்குவைப் பரப்பும் இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸுக்கு, கொசு பரப்பும் சிண்ட்பிஸ் என்ற வைரஸ் கூடுதலாகத் தொற்றியது. ஏஜிப்டியில் அப்படி நடக்கவில்லை.

அதனால் "பட்டினிக் கொசுதான் ஆபத்து" என்று ஒரே வரியில் மீம் போட்டுவிடாதீர்கள். வயிறாரத் தின்று வளர்ந்த கொசு பெரிதாக இருக்கும், பொதுவாக அதிக முட்டை போடும், பெரும்பாலும் அதிக நாள் வாழும். அந்த 8, 12 நாளைத் தாண்டி உயிரோடு இருந்தால்தானே வைரஸை நமக்குக் கொடுக்க முடியும்? இன்னொரு பக்கம், குட்டிக் கொசுவுக்கு உடம்பில் சேமிப்பு குறைவு என்பதால் முட்டை வைக்க ஒருமுறை குடித்த ரத்தம் பத்தாமல் மறுபடி மறுபடி கடிக்க வரும். எந்தப் பக்கம் சாயும் என்பது கொசு இனத்தையும் வைரஸையும் பொறுத்தது.

இதில் நமக்கு என்ன? அரைகுறை வேலைதான் என் கோபம். "எங்க தொட்டில நாலஞ்சு புழுதாண்ணே கெடக்கு" என்று சிரிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நாலஞ்சுக்கும் சாப்பாடு தாராளம், அது கொழுத்த கொசுவாக வரும். மருந்தை அளவு குறைத்துத் தெளித்துப் பாதிப் புழுவைக் கொன்றாலும் இதே கதைதான்: மிஞ்சியதற்குச் சாப்பாடு தாராளம், சில சமயம் ஒன்றுமே செய்யாவிட்டால் எத்தனை கொசு வருமோ அத்தனை வந்துவிடும். முழுசாகக் கொட்டுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியின் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேயுங்கள், ஏனென்றால் ஏடிஸ் முட்டை நீர் மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃப்ரிட்ஜ் பின்தட்டு, பழைய ஆட்டுக்கல், கொல்லையில் கிடக்கும் டயர், எல்லாம் இதில் சேர்த்திதான். வீடு வீடாகப் புழு பார்க்க வரும் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்களை என்ன சொல்வது. அவர்கள் ஒரு தெரு நடந்தால் அந்தப் புகை மெஷின் பத்து நாள் கத்தியதைவிட அதிக வேலை நடக்கும் என்பது என் கட்சி.

வயல் கதை வேறு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயலில் வளர்வது. யூரியா போட்ட வயலில் அதன் புழு கூடுகிறது என்று மதுரைப் பக்கத்து வயல்களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆக, பயிருக்குப் போடும் உரத்தில் கொசுப்புழுவும் பங்கு வாங்கிக்கொள்கிறது. வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் புழு குறையும், தண்ணீரும் மிச்சம். குறுவையில் முறை வைத்து வாய்க்கால் தண்ணீர் வரும்போது இதைச் செய்து பார்க்கலாம். சம்பாவில், அடைமழையில் வடிகால் தூர்ந்து வயலும் வரப்பும் ஒன்றாகக் கிடக்கும்போது எந்த விவசாயியிடம் போய் வயலைக் காயப்போடு என்று சொல்ல? முதலில் வடிகாலை வெட்டிக் கொடுங்கள், அப்புறம் அவரிடம் பேசுவோம்.