பூர்ணம் விஸ்வநாதன் வெறும் அப்பா, தாத்தா நடிகரா?
"ஒரே மாதிரி நல்ல அப்பா, தாத்தா வேஷத்துலயே நின்னுட்டார்"னு நடிகர் பூர்ணம் விஸ்வநாதன் பத்தின ஒரு கட்டுரைல எழுதியிருக்கறத என்னால ஏத்துக்கவே முடியல. வருஷம் 16 படத்துல கூட்டுக்குடும்பத்து தாத்தா, ஆசை படத்துல சுவலட்சுமியோட அப்பா, இது ரெண்டும் சரி, ஆனா மகாநதி (1994) பஞ்சாபகேசன எந்தக் கணக்குல சேர்ப்பீங்க, ஜெயில்ல கமல் கூட இருக்கற கைதி, அவ்ளோ கொடுமைக்கு நடுவுல கூட ஒரு இடத்துலயும் நம்மள அழ வைக்கணும்னு குரல ஒசத்தவே மாட்டார், அதனாலதான் அந்த ஆள் மேல நமக்கு அவ்ளோ மரியாதை வருது. அப்புறம் மேடை நாடகத்த கட்டுரை ஒரே வரில தாண்டிப் போயிடுச்சு, அவரோட பாதி வாழ்க்கையே அதுதாங்க! எழுத்தாளர் சுஜாதாவோட 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்துல ரிட்டயர் ஆன சீனிவாசன், வீட்டுல வேற யார் கண்ணுக்கும் தெரியாத எதிர்கால ஆள்கிட்ட பேசற கேரக்டர், கொஞ்சம் ஓவரா பண்ணினா கோமாளித்தனமா போயிருக்கும், அவர் அத நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சாதாரணமா பேசி நம்ப வச்சார். கட்டுரைக்குக் கீழ கமெண்ட்ல ஒரு நண்பர் "டிராமாக்காரங்க எல்லாம் கத்துவாங்க"னு போட்டிருக்கார், அவருக்கும் இதான் பதில், இவர் ஆல் இந்தியா ரேடியோல செய்தி வாசிச்சவர், 1947ல சுதந்திரச் செய்திய தமிழ்ல வாசிச்ச குரல் இவரோடது, மைக் முன்னாடி அளவா பேசிப் பழகின ஆள் கேமரா முன்னாடி எதுக்குக் கத்தணும்?