வேகம் கூடாது, வேலை நிற்காது

வீட்டு ஃபைபரையும் மொபைல் டேட்டாவையும் சேர்த்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. இரண்டு இணைப்பு ஏற்கும் ரூட்டர் வேலையைப் பங்கிடுமே ஒழிய, ஒரே வீடியோ அழைப்புக்கு 40 எம்பிபிஎஸ்ஸையும் 20ஐயும் கூட்டி 60 ஆக்கித் தராது. அப்படிப் பிணைக்க நடுவில் தனியாக ஒரு சர்வர் வேண்டும்.

ஆனாலும் நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கேபிள் நான்கு தென்னைகளைத் தாண்டி வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். போன வருடம் மட்டை விழுந்து அறுந்தது; ஒட்டுப்போட ஆள் வர மூன்று நாள். அதுவரை மகளின் அலுவலக வேலை பழைய 4ஜி கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஓடியது. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் மூன்று. வெயிலில் சூடேறிக் கைப்பேசி அணைந்ததும் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து நிழல் செய்தோம்.

இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்கினால் பில்லில் சலுகை கிடைக்கலாம். அங்கே பழுது வந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடக்கூடும். அதனால் என் சிம் வேறு நிறுவனத்துடையது.

புது பிளானுக்குப் பணம் கட்டுமுன் ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேரே கணினியில் செருகி வேகம் பாருங்கள். என் மைத்துனர் இரண்டு முறை பிளானை உயர்த்தினார். பலனில்லை; வைஃபை சிக்னலுக்குக் குறுக்கே நின்றது ஒன்றரை அடிக் கருங்கல் சுவர்.