ஊசி போட்டால் போதாது, இழப்பீடும் வேண்டும்

கறவை மாடுகள் அனைத்துக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் சோதனைக்குப் பிறகு என்ன என்பதை இரண்டே வரியில் கடந்துவிட்டார்.

எங்கள் தொழுவத்தில் சோதனை நடந்தபோது கூடவே நின்றேன். கழுத்தில் ஓரிடத்தில் மயிரை மழித்து, தோலை மடித்துப் பிடித்து, அதன் தடிப்பை அளந்து குறித்துக்கொண்டார் கால்நடை மருத்துவர். பிறகு காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதமான டியூபர்குலினைத் தோலுக்குள் செலுத்தினார். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி அளக்க வேண்டும். முன்பு அளந்ததைவிட 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் தொற்று உண்டு என்று கொள்வார்கள். எங்கள் செவலைப் பசுவுக்குத் தடித்திருந்தது. இருமல் இல்லை, இளைப்பு இல்லை, வேளைக்கு ஆறு லிட்டர் கறந்துகொண்டிருந்தாள்! அவளைத் தனியே கட்டி, கன்றைப் பிரித்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரிட்டனில் இப்படிப்பட்ட மாட்டைக் கட்டாயமாக அகற்றி, அரசே இழப்பீடு தருகிறது. இங்கே இரண்டு மாட்டை நம்பிப் பிழைப்பவருக்கு என்ன கிடைக்கும்? வாயை மூடிக்கொண்டு சந்தைக்கு ஓட்டிவிடுவார். நோய் அடுத்த ஊர்த் தொழுவத்துக்குப் போய்ச்சேரும். இழப்பீட்டை முதலில் அறிவியுங்கள், ஊசியைப் பிறகு எடுங்கள்.

இன்னொன்று: 'கறந்த சூட்டோடு குடித்தால்தான் சத்து' என்று பிள்ளைகளுக்குப் பச்சைப் பால் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நோயுள்ள மாட்டின் பாலிலும் இந்தக் கிருமி இருக்கலாம்; தயவுசெய்து பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள்.