கூரையைக் குறை சொன்னது போதும், டயரைப் பாருங்கள்

"சாஃப்ட் டாப் வண்டி சார், சத்தம் வரத்தான் செய்யும்." சர்வீஸ் சென்டரில் இரண்டு வருடமாக இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

துணிக்கூரை என்று தெரிந்துதானே வாங்கினேன்? காற்றுச் சத்தம் வரும் என்பதும் தெரியும். நான் சொல்வது அது இல்லை. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயின் கான்கிரீட்டில் ஏறி 80-ஐத் தொட்டால் போதும், கூரை மூடி, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தாலும் பின்பக்கத்திலிருந்து 'ஊ...' என்று ஓர் இரைச்சல். பக்கத்து சீட்டில் அப்பா ஏதோ சொல்கிறார். "என்னப்பா?" என்று மூன்று முறை கேட்கிறேன். கடைசியில் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். இத்தனை லட்சம் கொட்டி வாங்கிய வண்டியில் பெற்ற அப்பாவோடு பேச முடியவில்லை என்றால் வயிறு எரியாதா?

தார் ரோட்டுக்கு இறங்கியதும் அதே வேகத்தில் சத்தம் நன்றாகக் குறைகிறது. காற்றுதான் காரணம் என்றால், ரோடு மாறினால் ஏன் குறைய வேண்டும்? இதை எடுத்துச் சொன்னால், கூரை ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவி அனுப்பிவிடுகிறார்கள். நாலு முறை தடவியாயிற்று!

வண்டியோடு வந்தவை ரன்-ஃபிளாட் டயர்கள். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்திருப்பார்கள். ரோட்டின் சொரசொரப்பு அப்படியே பாடிக்கு ஏறும். விற்கும்போது இதை யாராவது சொன்னார்களா? ஐரோப்பாவில் 2012 முதலே டயர் லேபிளில் சத்தத்தை டெசிபெலில் போட வேண்டும். அது வெளியே கேட்கும் சத்தத்தின் அளவுதான், சரி, ஆனாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாமே.

போன மாதம் பொறுக்க முடியாமல் ஒரு சாதாரண டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின் டயரின் மேல் உள்ளங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினார். "ரம்பப் பல் மாதிரி தேய்ஞ்சிருக்கு சார், அலைன்மென்ட் போயிருக்கு" என்றார். அதாவது, சக்கரங்கள் நிற்கும் கோணம் மாறியிருக்கிறது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அலைன்மென்ட் சரிசெய்து, சத்தத்தை அடக்க உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய, ரன்-ஃபிளாட் அல்லாத சாதாரண டயர் நான்கு போட்டேன். டிக்கியிலும் பின் சக்கரங்களுக்கு மேலேயும் அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினேன். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்ட அந்த இடத்து ஸ்பாஞ்சைச் சுரண்ட வேண்டும், பரவாயில்லை. அதே எக்ஸ்பிரஸ்வேயில் லோனாவாலா வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார்.

இரண்டு வருடம் சர்வீஸுக்கு விட்டேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூட அந்த டயரில் கை வைத்துப் பார்க்கவில்லை.