நொய்யலில் நாம் இன்னும் அளக்காமல் விட்டிருப்பது

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு தரைப்பாலத்தின் ஓரமாகக் குனிந்து நொய்யல் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டிருந்தேன். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தண்ணி தெளிஞ்சுதானே போவுது, இன்னும் என்னத்தப் பார்க்கறதுக்குப் புடிக்கறே?" என்று கேட்டார். நான் தேடியது பிஎஃப்ஏஎஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத வேதிப்பொருள்களை. அவருக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூர்ப் பக்கம் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஒரு பொது நிலையத்தின் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எங்கள் தோட்டம் நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. என் அப்பாருவின் காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் விளைந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதே தண்ணீரை மாட்டுத் தாழியில் ஊற்றினால் மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பாத்தியில் தண்ணீர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை பூத்திருக்கும். அந்த உப்பு கண்ணுக்குத் தெரிந்தது, நாக்குக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த நஞ்சுக்கே நாம் எத்தனை ஆண்டுகள் அலைந்தோம் என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. ஆயக்கட்டு விவசாயிகளே அணையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது. 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீர் வெளியேற்றமே கூடாது என்ற விதி உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு வேலையில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தொழிலை மூட வேண்டும் என்று கேட்பவனாக என்னை யாரும் எண்ண வேண்டாம்.

நான் பேச வந்தது, கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி. பிஎஃப்ஏஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புளூரின் சேர்மங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கார்பன் அணுவோடு புளூரின் அணு சேரும் பிணைப்பு, கரிம வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. வெயிலோ நுண்ணுயிரியோ அதை எளிதில் அறுப்பதில்லை. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் இருக்கச் செய்யும் அதே குணத்துக்காகத்தான் மழைக்கோட்டிலும், கறை படியாத துணியிலும், குரோமிய முலாம் பூசும் தொட்டியில் ஆவி கிளம்பாமல் அடக்குவதற்கும், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும் இவற்றைப் பயன்படுத்தினார்கள். இவற்றுள் பிஎஃப்ஓஎஸ் என்பது 2009-இலும் பிஎஃப்ஓஏ என்பது 2019-இலும் எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 டிசம்பரில் முதல் வகையில் வைத்தது. உடம்புக்குள் போனால் பாதி வெளியேறுவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இந்த விவகாரம் உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு மாட்டுக்காரரால்தான். அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில், ஆலைக் கழிவு கொட்டப்பட்ட இடத்திலிருந்து வரும் ஓடையில் தண்ணீர் குடித்த தன் மாடுகள் ஒவ்வொன்றாகச் சாவதைக் கண்ட பண்ணைக்காரர் ஒருவர், 1998-இல் ராபர்ட் பிலோட் என்ற வழக்கறிஞரிடம் போனார். அந்த வழக்கின் வழியே பிறந்த ஆய்வில் ஏறத்தாழ 69,000 பேருடைய இரத்தமும் உடல்நிலையும் பார்க்கப்பட்டன. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய், இரத்தத்தில் மிகை கொழுப்பு (கொலஸ்ட்ரால்) உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் பிஎஃப்ஓஏவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012 வாக்கில் அறிவித்தார்கள். மாடு முதலில் சொன்னது, மனிதர்கள் ஒப்புக்கொள்ளப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. மாட்டுத் தாழியில் நடந்ததை நேரில் பார்த்த என்னால் அந்தக் கதையை வெளியூர்ச் செய்தியாகப் படித்துவிட்டு நகர முடியவில்லை.

நம் ஆற்றில் இது இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை ஓரளவு முன்பே வந்துவிட்டது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, நொய்யலையும் உள்ளடக்கிய அந்த மேற்பரப்பு நீரில் லிட்டருக்கு 4 முதல் 93 நானோகிராம் வரை பிஎஃப்ஓஏ இருந்ததாகப் பதிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் சொல்கிறேன்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஏப்ரலில் குடிநீருக்கு விதித்த உச்ச வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஆற்று நீரும் குழாயில் வரும் குடிநீரும் ஒன்றல்ல, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த நொய்யல்தான் காவிரியில் கலக்கிறது, இந்த ஆற்றின் ஓரத்துக் கிணறுகளைத்தான் நாம் இறைக்கிறோம்.

நான்கு நானோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிராம் பொருளை 25 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் வரும் அளவு. பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இருபதாயிரத்துக்கும் மேல் வரிசையாக நின்றால், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் எல்லாக் கணக்கும் மில்லிகிராமில்தான். டிடிஎஸ் என்ற கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா, கழிவின் சுமையைக் காட்டும் சிஓடி எவ்வளவு, பிஓடி எவ்வளவு, நிறம் போய்விட்டதா என்று பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம். மில்லிகிராம் ஒன்றில் பத்து லட்சம் நானோகிராம் அடக்கம். அந்த மீட்டர்களின் கண்ணில் இந்த வேதிப்பொருள் எந்தக் காலத்திலும் படாது. பதினோரு ஆண்டுகள் நான் கையெழுத்திட்ட தாள்களில் எதுவும் பொய் இல்லை. இதைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தப் பெரியவரின் "தண்ணி தெளிஞ்சுதானே போவுது" என்ற கேள்வி என்னைத் தைத்தது இதனால்தான்.

இது எங்கிருந்து வருகிறது என்பதைப் பட்டறை உள்ளே போய்ப் பார்த்தால் புரியும். தண்ணீர் ஒட்டாத துணி வேண்டும் என்று ஆர்டர் வந்தால், சாயம் ஏறிய துணியை பினிஷிங் பகுதியில் ஒரு சிறு தொட்டிக் கரைசலில் முக்கி, ரோலருக்கு இடையில் பிழிந்து, துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தில் சூடுகாட்டி எடுப்பார்கள். துணியில் ஏறியது துணியோடு போகும். அந்தத் தொட்டியில் ஆர்டர் முடியும்போது மிச்சம் நிற்கிறதே, பால் நிறத்தில் கொஞ்சம் கரைசல், அதுதான் விஷயம். ஷிப்ட் முடிகிற அவசரத்தில் அடைப்பானைத் திறந்துவிட்டுக் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டால், அது மற்ற கழிவுநீரோடு கலந்து ஆயிரக்கணக்கான லிட்டரில் கரைந்து போகிறது. தொட்டியில் இருக்கும்போது ஒரு கேனில் அடைத்துத் தனியாக வைத்து, அதிக வெப்பத்தில் எரிக்கும் இடத்துக்கு அனுப்பிவிடலாம். கலந்த பிறகு கோடிகளைச் செலவழித்துத் தேட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. நாங்கள் நம்பியிருந்த உயிரியல் சுத்திகரிப்புத் தொட்டியில் பாக்டீரியாக்கள் சாயத்தையும் மாவையும் தின்றுவிடும்; புளூரின் பிணைப்பை அவற்றால் தொட முடியாது. துணிக்குப் பூசும் பெரிய மூலக்கூறுகளின் ஓரப் பகுதிகளை மட்டும் அவை கடித்துவிட, மீந்து நிற்பது பிஎஃப்ஓஏ போன்ற அமிலம். அதனால் உள்ளே வரும் தண்ணீரில் இருந்ததைவிட வெளியே போகும் தண்ணீரில் அந்த அமிலம் கூடுதலாகக் காணப்படுவது பல நாடுகளில் பதிவான செய்தி. ஆகவே பட்டியலில் உள்ள நாற்பது சேர்மங்களை மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதாது. மாதிரியை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து, ஒளிந்திருக்கும் மூலப் பொருள்களையும் அமிலமாக மாற்றி அளக்கும் முறை 2012 முதல் இருக்கிறது; மொத்தக் கரிம புளூரினை ஒரே எண்ணாகச் சொல்லும் சோதனையும் உண்டு. இவற்றில் ஒன்றையாவது சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

"நாங்கள்தான் ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லையே" என்று பட்டறை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆர்.ஓ. சவ்வு இந்த வேதிப்பொருளைப் பெருமளவு தடுத்துவிடும் என்பது உண்மைதான். தடுத்ததை எங்கே வைக்கிறது? சவ்வு ஒதுக்கித் தள்ளும் ரிஜெக்ட் தண்ணீரில். அது தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகிறது, கடைசியில் கலப்பு உப்பாகவும் கசடாகவும் மூட்டைகளில் ஏறுகிறது. கொட்டகைகளில் அடுக்கியிருக்கும் கலப்பு உப்பு மூட்டைகளைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அந்த உப்பில் புளூரின் சேர்மம் எவ்வளவு என்று பார்க்காமல், கொட்டகைக்கு அடியில் நிலத்தடி நீரைச் சோதிக்காமல், வெளியேற்றம் இல்லை என்ற ஒரு சொல்லை வைத்து மனம் ஆற முடியாது.

எல்லாப் பழியையும் சாயப்பட்டறையின் தலையில் கட்டுவதும் தவறு. திருப்பூரில் ஓடுவது பெரும்பாலும் பருத்திப் பனியன் துணி. உள்ளாடைக்கும் டி-ஷர்ட்டுக்கும் தண்ணீர் ஒட்டாத பூச்சு தேவையே இல்லை. இந்தப் பூச்சைப் பயன்படுத்துவோர் சிலராகவே இருப்பார்கள் என்பது என் கணிப்பு, அதனால் கண்டுபிடிப்பதும் எளிது. கோயம்புத்தூரில் முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன, வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு இருக்கிறது, நகரத்துச் சாக்கடையும் நொய்யலில் இறங்குகிறது. சித்திரைச்சாவடியில் ஒரு மாதிரி, கோவையைத் தாண்டி ஒன்று, திருப்பூருக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொன்று, ஒரத்துப்பாளையத்தில் ஒன்று, காவிரியில் சேரும் முன் ஒன்று என்று ஆற்றை அங்கங்கே பார்த்தால், எந்த இடைவெளியில் அளவு ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு அந்த இடைவெளியில் உள்ள ஆலைகளின் வாசலுக்குப் போகலாம். ஆற்றில் மட்டும் அளப்பது, திருட்டுப் போன பிறகு சந்தையில் நின்று தேடுவதற்குச் சமம். கழிவுநீர் கலக்கும் முன் ஒவ்வொரு பட்டறையின் குழாயிலும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு புட்டி பிடிப்பதால் ஒன்றும் தெரியாது. பினிஷிங் ஆர்டர் ஓடுவது மாதத்தில் சில நாள்கள்தான், அதுவும் பெரும்பாலும் இரவு ஷிப்டில். இருபத்து நான்கு மணி நேரமும் சிறிது சிறிதாக இழுத்துச் சேர்க்கும் கலவை மாதிரி வேண்டும். ஆற்றில் சில வாரங்கள் தொங்கவிட்டு எடுக்கும் உறிஞ்சு மாதிரிக் கருவியும் வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் பக்குவம் தேவை. எனக்கு அதைச் சொல்லித் தந்தது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. அன்று குளிருக்கு நான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள், அதிலிருந்தே மாதிரியில் ஒட்டிவிடுமாம். குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டெஃப்ளான் டேப் இருக்கும் இடத்தில் பிடிக்கக் கூடாது. பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் புட்டிதான் வேண்டும். சுத்த நீர் நிரப்பிய ஒரு புட்டியையும் ஆற்றங்கரையில் திறந்து மூடிக் கூடவே கொண்டுபோனாள். அதிலும் ஏதாவது தெரிந்தால் அன்றைய கணக்கே செல்லாது. ஆற்றில் வெள்ளையாக நின்ற நுரையைக் காட்டி இதுதானா என்று கேட்டேன். நுரை பெரும்பாலும் சோப்பு வகையால் வருவது, நுரை இருப்பதாலேயே இது இருக்கிறது என்றும் இல்லாததால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள்.

இனி என் மனத்தை அறுப்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் துணி வாங்கும் நிறுவனங்கள் கேட்பதால், ஏற்றுமதிக்கு வேலை செய்யும் பல பட்டறைகள் இப்போதே ஆண்டுக்கு இருமுறை கழிவுநீரை எடுத்து, இந்தப் புளூரின் சேர்மங்களையும் சேர்த்துச் சோதித்து அறிக்கை வாங்குகின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் இவற்றைச் சேர்த்த ஆடையை விற்கத் தடை போட்டுவிட்டன. அதாவது சோதனை நடக்கிறது, கருவி இருக்கிறது, பணமும் கட்டப்படுகிறது. அறிக்கை ஐரோப்பாவில் உள்ள ஒரு வாங்குநரின் கணினிக்குப் போய்ச் சேருகிறது. அதே தண்ணீரின் கீழ்மடையில் இருக்கும் சென்னிமலைக்காரருக்கும் கொடுமணல்காரருக்கும் வந்து சேருவதில்லை. நம் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன் 2012 பதிப்பில் இவற்றுக்கு வரம்பே கிடையாது. 2020-இல் ஸ்டாக்ஹோம் பட்டியலில் இருந்து ஏழு வேதிப்பொருள்களை இந்தியா ஏற்று உறுதி செய்தபோது, பிஎஃப்ஓஎஸ் அந்த ஏழில் இடம்பெறவில்லை.

வரம்பு வரட்டும், பிறகு அளக்கலாம் என்பது அலுவலக வழக்கம். அளக்காமல் வரம்பு எப்படி வரும்? கேடு முழுதாக உறுதியாகும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும் 1996-இலேயே, நம் மாநிலத்து வேலூர்த் தோல் கழிவு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டமாக்கியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்கு அனுமதியைப் புதுப்பிக்கும்போது, எந்தப் பூச்சு வேதிப்பொருளை எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்ற கணக்கைக் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். புளூரின் இல்லாத மெழுகு, சிலிகான் வகைப் பூச்சுகள் சந்தையில் இருக்கின்றன. எண்ணெய்க் கறையை அவை அவ்வளவாகத் தடுக்காது, தண்ணீரைத் தடுக்கும். பெரும்பாலான ஆர்டருக்கு அது போதும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அபாயகரமான கழிவு பற்றிய விவரத்தை ஆலை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சொன்னபடி, உங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நிற்கிறது. வாங்குநருக்கு நீங்கள் அனுப்பிய கடைசி அறிக்கையில் புளூரின் சேர்மங்களுக்கு எதிரே என்ன எண் இருக்கிறதோ, தேதியோடு அதை அந்தப் பலகையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். பூஜ்யமாக இருந்தாலும் எழுதுங்கள். நான் பிடித்த புட்டியின் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும், எவ்வளவாக இருந்தாலும், முதலில் அந்த மாட்டுக்காரப் பெரியவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுதுவேன்.