சம்மட்டி பிடிக்க உரிமம் கேட்ட சட்டம்

நண்பர் ஒருவர் கேட்டார்: "அமெரிக்காவில் அடிமை முறைதான் 1865லேயே ஒழிந்துவிட்டதே, அப்புறமும் கறுப்பின மக்கள் ஏன் முன்னுக்கு வரவில்லை?" அவர் தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

விடுதலை கிடைத்த அதே 1865 டிசம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கறுப்பினத்தவர் வயல் வேலையும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்ய வேண்டுமென்றால் நீதிபதியிடம் உரிமம் வாங்க வேண்டும். கைத்தொழிலுக்கு வருடத்துக்கு 10 டாலர், கடை வைக்க 100 டாலர். போதாக்குறைக்கு நல்லொழுக்கம் உள்ளவர் என்று நீதிபதி திருப்திப்பட வேண்டும். கொல்லுப்பட்டறையிலும் தச்சுப் பட்டறையிலும் தலைமுறையாக உழைத்தவர்கள் இவர்கள். எஜமானுக்காகச் சம்மட்டி ஓங்கியபோது யாரும் ஒழுக்கம் பற்றிக் கேட்கவில்லை. தனக்காக ஓங்கப் போகும்போதுதான் கேட்டார்கள்.

அதே காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத்தவர் வேலை இல்லாமல் இருந்தாலே குற்றம். அபராதம் கட்ட முடியாதவரை, அதைக் கட்டுகிற முதலாளியிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடுவார்கள்.

சரி, இந்தச் சட்டங்கள் ரொம்ப நாள் நிற்கவில்லை. தென் கரோலினாவில் மத்திய அரசின் ராணுவத் தளபதி சிக்கிள்ஸ் 1866 ஜனவரியிலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டார். ஆனால் அந்த எண்ணம் போகவில்லை.

அதே மாநிலம் 1915இல் பஞ்சாலைகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது. ஒரே நேரத்தில் ஒரே வாசலிலோ படிக்கட்டிலோ போகக் கூடாது, ஒரே சன்னலில் சம்பளம் வாங்கக் கூடாது. கழிப்பறையும் தண்ணீர் வாளியும் குவளையும் எந்த நேரத்திலும் பொதுவாக இருக்கக் கூடாது. கறுப்பினத்தவருக்கு வேலையே கொடுக்காதே என்று அதில் ஒரு வரிகூட இல்லை, கவனியுங்கள். எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகக் கட்ட எந்த முதலாளி செலவு செய்வார்?

விதிவிலக்கு யாருக்கு என்று படித்தபோது உண்மையிலேயே தொண்டை அடைத்தது. கொதிகலன் அறையில் உதவிக்கு நிற்பவர், வண்டி தள்ளுபவர், தரை தேய்ப்பவர், கழிப்பறையைப் பார்த்துக்கொள்பவர், கட்டடத்தைப் பழுது பார்ப்பவர். இவர்கள் உள்ளே வரலாம். தறிக்குப் பக்கத்தில் தரையைத் தேய்க்கலாம், தறியைத் தொட முடியாது.

அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1960இல். 1915இல் பத்து வயதாக இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அப்போது 55 வயது. பஞ்சாலைக் கதவு அவளுடைய இன மக்களுக்குப் பெருமளவில் திறந்தது, வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 குடிமை உரிமைச் சட்டம் வந்த பிறகுதான்.