தண்ணீர் குடித்தாலே சிறுநீர்த் தொற்று போய்விடுமா?

“சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலா? தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடியுங்கள். கிருமியெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், மாத்திரையே வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியா. அதன் மேற்பரப்பில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இழையின் நுனியில் ஃபிம்ஹெச் என்ற புரதம். சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்கள்மேல் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையை அது பற்றிக்கொள்கிறது. சிறுநீர் பாய்ந்து இழுக்கும்போது அந்தப் பிடி தளர்வதில்லை. சுருக்குக் கயிறு மாதிரி இன்னும் இறுகுகிறது. அப்புறம், ஒட்டிய கிருமிகளில் சில செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகுகின்றன. அங்கே எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எட்டாது.

சரி, தண்ணீரால் பயனே இல்லையா? உண்டு, தடுப்பதில். அடிக்கடி இந்தத் தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதிதான் வந்தது. வந்துவிட்ட தொற்றைத் தண்ணீர் குணப்படுத்தும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

எரிச்சலோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் வெறும் எரிச்சலுக்கே போக வேண்டும். சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கோ அந்த ஐந்து லிட்டரே ஆபத்து.